தூக்கத்தை விரட்டிய எடிசன்

குழந்தைகளே! இரவு சாப்பிட்டு முடித்ததும் அம்மாவின் செல்போனை மெதுவாக எடுத்துப் போய், போர்வைக்குள் ஒளிந்துகொண்டு பார்ப்பவர்கள் உங்களில் எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஏனென்றால், செல்போன் என்ற ஒன்றே இல்லாத காலத்தில், இன்றைக்குச் சுமார் 160 ஆண்டுகளுக்கு முன்பு, படுக்கப் போகாமல் தப்பிக்க உங்களைவிடப் பெரிய தந்திரம் செய்த ஒரு சிறுவனின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அவன் பெயர் தாமஸ் ஆல்வா எடிசன். வீட்டில் எல்லோரும் செல்லமாக 'ஆல்' என்று கூப்பிடுவார்கள். ஆல்வா என்றதும் திருநெல்வேலி நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல!

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் மிலான் என்ற சிற்றூரில் 1847ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் தேதி எடிசன் பிறந்தார். ஏழு குழந்தைகளில் கடைக்குட்டி. அவருக்கு ஏழு வயதானபோது குடும்பம் போர்ட் ஹியூரன் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிக்கூடம் போனது சில மாதங்கள்தான். கேள்வி கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளையை ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை. அம்மா நான்சி முன்பு ஆசிரியையாக இருந்தவர். மகனை வீட்டிலேயே உட்கார வைத்து அவரே பாடம் சொல்லிக் கொடுத்தார்.

பன்னிரண்டு வயதில் ஆல் ரயிலில் பத்திரிகையும் மிட்டாயும் விற்கத் தொடங்கினான். காலையில் போர்ட் ஹியூரனில் புறப்படும் ரயில், சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் டெட்ராய்ட் நகரத்துக்குப் போய்விட்டு இரவில்தான் திரும்பும். ஒரு நாள், ஒரு ரயில் நிலைய அதிகாரியின் சின்னக் குழந்தை தண்டவாளத்தில் விளையாடிக் கொண்டிருந்தது. உருண்டு வந்த ரயில் பெட்டிக்கு முன்னால் பாய்ந்து அந்தக் குழந்தையைத் தூக்கிக் காப்பாற்றினான் ஆல். நன்றிக் கடனாக அந்த அதிகாரி அவனுக்குத் தந்தி அனுப்பும் வித்தையைக் கற்றுக் கொடுத்தார். அந்தக் காலத்தில் தந்தி தெரிந்த பையன் என்றால், இன்றைக்குக் கம்ப்யூட்டர் தெரிந்த பையன் மாதிரி.

தந்திரம் இங்கேதான் ஆரம்பம். ஆலும் அவனுடைய நண்பன் ஒருவனும் தங்கள் இரண்டு வீடுகளுக்கும் இடையே மரத்துக்கு மரம் கம்பி கட்டி, கண்ணாடிப் பாட்டில்களைச் செருகி, சொந்தமாகத் தந்தி வசதி செய்துகொண்டார்கள். இரவில் அதில் செய்தி அனுப்பிப் பழக வேண்டும். ஆனால் வேலை முடிந்து ஆல் வீடு திரும்பவே நேரமாகிவிடும். பதினொன்றரை மணிக்கு மேல் விழித்திருக்கக் கூடாது என்பது அப்பாவின் கண்டிப்பான உத்தரவு.

அப்பாவுக்கும் ஒரு பலவீனம் உண்டு. விற்காமல் மீந்துபோன பத்திரிகைகளை ஆல் கொண்டு வந்ததும் ஆவலோடு படிப்பார். ஒரு நாள் ஆல் வேண்டுமென்றே அவற்றை நண்பன் வீட்டில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தான். அப்பாவுக்கு ஏமாற்றம். கவலை வேண்டாம், தந்தியிலேயே செய்திகளை வரவழைத்துத் தருகிறேன் என்றான் மகன். நண்பன் அங்கிருந்து கட்டு கட்டு என்று தட்ட, ஆல் இங்கே ஒவ்வொரு வரியாக எழுதி நீட்ட, அப்பாவும் தூக்கத்தை மறந்து படித்துக்கொண்டே இருந்தார். மணி நள்ளிரவைத் தாண்டி ஒன்று ஆனது! இப்படியே பல இரவுகள் ஓடின. கடைசியில் ஒரு நாள் தோப்புக்குள் புகுந்த பசுமாடு ஒன்று கம்பியில் சிக்கிக்கொண்டு எல்லாவற்றையும் அறுத்துப் போட்டுவிட்டது.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். தந்திக் கருவியில் திரை கிடையாது. வெளிச்சமும் கிடையாது. ஆனாலும் அப்பாவையும் பிள்ளையையும் அது தூங்க விடவில்லை. அடுத்து என்ன செய்தி வரும் என்ற ஆவல்தான் காரணம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பதினாறு வயதில் எடிசனுக்குக் கனடாவில் ஸ்ட்ராட்போர்ட் என்ற ரயில் நிலையத்தில் இரவு நேரத் தந்தி வேலை கிடைத்தது. இரவு ஏழு முதல் காலை ஏழு வரை வேலை. பகலில் தூங்க வேண்டியவர், ஆராய்ச்சி செய்கிறேன் பேர்வழி என்று விழித்திருந்தார். இரவில் கண் சொக்காமல் என்ன செய்யும்? ஊழியர்கள் தூங்கிவிடக் கூடாது என்பதற்காக மணிக்கு ஒரு முறை ஒரு குறிப்பிட்ட சங்கேதத்தைத் தலைமை அலுவலகத்துக்குத் தந்தியில் அனுப்ப வேண்டும் என்று ரயில்வேயில் ஒரு விதி இருந்தது. நம்மாள் சும்மா இருப்பாரா? ஒரு சக்கரத்தின் ஓரத்தில் பற்கள் வெட்டி, அதைக் கடிகாரத்தோடு இணைத்தார். மணி ஆனதும் சக்கரம் தானாகவே சங்கேதத்தை அனுப்பிவிடும். எடிசன் நிம்மதியாகக் குறட்டை விட்டார்!

சங்கேதம் வந்த அடுத்த நிமிடமே மேலதிகாரி ஸ்ட்ராட்போர்ட்டைக் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. குட்டு வெளிப்பட்டது. நல்ல திட்டு கிடைத்தது. எடிசனின் முதல் கண்டுபிடிப்புகளில் ஒன்று தூங்குவதற்காகச் செய்யப்பட்டது என்பது வேடிக்கைதானே!

ஆனால் சில நாட்களில் விளையாட்டு வினையானது. ஒரு சரக்கு ரயிலை நிறுத்தி வைக்கும்படி எடிசனுக்கு ஓர் இரவு உத்தரவு வந்தது. அவர் ஓடிப்போய் ஆளைத் தேடுவதற்குள் ரயில் கடந்துவிட்டது. அதே தண்டவாளத்தில் எதிரே இன்னொரு ரயில் வந்துகொண்டிருந்தது! அடுத்த நிலையத்துக்குச் சொல்ல இருட்டில் ஓடிய எடிசன், ஒரு பள்ளத்தில் விழுந்து மயங்கினார். நல்லவேளையாக அந்த இடத்தில் பாதை நேராக இருந்ததால் இரண்டு டிரைவர்களும் தூரத்திலேயே பார்த்து நிறுத்திவிட்டார்கள். விசாரணைக்குக் கூப்பிட்டதும் பயந்துபோன எடிசன், அங்கிருந்து நழுவி அமெரிக்காவுக்கே ஓடிவந்துவிட்டார். அன்று அவர் தூங்கிவிடவில்லை என்பதுதான் அவர் தரப்புக் கதை. பல நாள் சரியாகத் தூங்காத மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அடுத்த பல ஆண்டுகள் ஊர் ஊராகத் தந்தி வேலை, புதுப் புதுக் கருவிகள் என்று போயின. 1876இல் நியூஜெர்சி மாநிலத்தில் மென்லோ பார்க் என்ற இடத்தில் எடிசன் தனக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் கட்டினார். 1877இல் குரலைப் பதிவு செய்து திரும்பப் பேசும் போனோகிராபைக் கண்டுபிடித்து உலகத்தை வாய் பிளக்க வைத்தார். அவருடைய கூட்டாளிகளும் இரவு பகல் பாராமல் உழைத்தார்கள். நள்ளிரவில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆய்வுக்கூடத்தின் ஒரு மூலையில் பெரிய ஆர்கன் வாத்தியம் இருந்தது. யாராவது வாசிக்க, மற்றவர்கள் பாடுவார்கள். பிறகு மறுபடியும் வேலை!

அப்போது உலகம் இரவில் எப்படி இருந்தது தெரியுமா? மெழுகுவர்த்தி, மண்ணெண்ணெய் விளக்கு, பெரிய நகரங்களில் எரிவாயு விளக்கு. கண்ணைப் பறிக்கும் மின்வில் விளக்குகள் சில தெருக்களில் இருந்தன. வீட்டுக்குள் அவற்றை வைக்க முடியாது. மின்சார பல்பு செய்ய எடிசனுக்கு முன்பே பலர் முயன்றார்கள். இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வான் என்பவர் ஏறக்குறைய அதே காலத்தில் வெற்றி கண்டார். எனவே பல்பை எடிசன் ஒருவரே கண்டுபிடித்தார் என்று பரீட்சையில் எழுதினால் ஸ்வான் கோபித்துக்கொள்வார். நீண்ட நேரம் எரியும் மலிவான பல்பையும், அதற்கு வேண்டிய ஜெனரேட்டர், கம்பி, மீட்டர் எல்லாவற்றையும் சேர்த்து உருவாக்கியதுதான் எடிசனின் பெரிய சாதனை.

1879 அக்டோபரில், கரியாக்கப்பட்ட பருத்தி நூலை இழையாக வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குமிழுக்குள் மின்சாரம் பாய்ச்சினார்கள். இழை சிவந்து, மஞ்சளாக ஒளிர்ந்தது. 13 மணி நேரத்துக்கும் மேல் அணையாமல் எரிந்தது. அடுத்த ஆண்டு ஜப்பான் மூங்கிலைக் கரியாக்கி இழை செய்தபோது 1,000 மணி நேரத்தையும் தாண்டியது. 1882 செப்டம்பர் 4ஆம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு நியூயார்க் நகரில் பேர்ல் தெருவில் இருந்த அவருடைய மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. முதல் நாளில் எரிந்தவை சுமார் 400 விளக்குகள்தான். ஆனால் இருட்டினால் வேலை நின்றுவிடும் என்ற பழைய கணக்கு அன்றோடு மாறத் தொடங்கியது.

இதில் எடிசனுக்கு ரொம்பப் பெருமை. தூக்கம் என்பது மனிதன் பழகிக்கொண்ட ஒரு பழக்கம், அவ்வளவுதான் என்று அவர் நம்பினார். தனக்கு நான்கு மணி நேரம் போதும் என்பார். விளக்கு வெளிச்சம் பெருகப் பெருக எல்லோரும் தூக்கத்தைக் குறைத்துக்கொள்வார்கள், அது உலகத்துக்கு நல்லது என்று நினைத்தார். 1888 ஜூனில் போனோகிராபைத் திருத்தி அமைக்க ஏறக்குறைய 72 மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தார். முடிந்ததும் எடுத்த புகைப்படம் இன்றும் இருக்கிறது. தலைமுடி கலைந்து, கையில் முகத்தைத் தாங்கி உட்கார்ந்திருப்பார். 1912இல் அவரோடு இரவெல்லாம் உழைத்த ஊழியர்களுக்குத் தூக்கமில்லாப் படை என்றே பெயர் வந்தது.

ரகசியம் ஒன்று சொல்லட்டுமா? அதே எடிசன் பகலில் எங்கே வேண்டுமானாலும் தூங்குவார்! மேஜை மேல் படுப்பார். மரத்தடியில் படுப்பார். வெஸ்ட் ஆரஞ்ச் ஆய்வுக்கூடத்தின் நூலகத்தில் அவருக்காகப் போட்ட கட்டிலை இன்றும் பார்க்கலாம். 1921இல் அமெரிக்க ஜனாதிபதி ஹார்டிங்கோடு காட்டில் முகாம் போனபோது, ஜனாதிபதி நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை படிக்க, பக்கத்தில் புல்தரையில் எடிசன் சுகமாகத் தூங்கும் படம் ஒன்று இருக்கிறது. இரவில் விட்டதைப் பகலில் உடம்பு கேட்டு வாங்கிக்கொண்டது.

தூக்கம் வெறும் பழக்கம் இல்லை என்பதற்கான காரணம், எடிசன் மறைந்து வெகுகாலம் கழித்துத்தான் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. நம் மூளைக்குள் அரிசி மணி அளவில் ஒரு கடிகாரம் இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் அது மெலடோனின் என்ற பொருளைச் சுரக்கச் சொல்லும். இரவு வந்துவிட்டது, ஓய்வெடு என்று உடம்புக்குப் போகும் தகவல் அது. 1958இல்தான் இந்த மெலடோனினைக் கண்டறிந்தார்கள்.

வெளியே இரவா, பகலா என்று அந்தக் கடிகாரத்துக்கு யார் சொல்வது? கண்தான்! விழித்திரையில் உருவங்களைப் பார்க்கும் செல்களைத் தவிர, வெளிச்சத்தை மட்டும் அளந்து மூளைக்குச் சொல்லும் தனி செல்கள் இருப்பதை 2002இல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அந்த செல்களை அதிகம் தூண்டுவது நீல நிற ஒளி. வானம் நீலமாக இருப்பது பகலில்தானே? ஆகவே நீல ஒளி நிறைய வந்தால் இன்னும் பகல்தான் என்று அவை சொல்லிவிடும். மெலடோனின் காத்திருக்கும்.

எடிசனின் கரி இழை பல்பில் சிவப்பும் மஞ்சளும் அதிகம், நீலம் மிகக் குறைவு. அதற்காக அது முழு அப்பாவி என்று சொல்ல முடியாது. பலமான எந்த வெளிச்சமும் கடிகாரத்தைக் கொஞ்சம் தள்ளிவிடும். இன்றைய வெள்ளை எல்.இ.டி. விளக்கின் கதை வேறு. நீல ஒளி தரும் எல்.இ.டி. மேல் மஞ்சள் ஒளி தரும் பொருளைப் பூசித்தான் வெள்ளை ஒளியை உண்டாக்குகிறார்கள். அந்த நீல எல்.இ.டி.யை உருவாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா என்ற மூன்று பேருக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. பல செல்போன், டேப்லெட் திரைகளுக்குப் பின்னால் இருப்பது இந்த வெளிச்சம்தான்.

அதே 2014இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 12 பேரை ஐந்து இரவுகள் படுக்கும் முன் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் படிக்க வைத்தார்கள். இன்னும் ஐந்து இரவுகள் மங்கிய வெளிச்சத்தில் அச்சுப் புத்தகம் படிக்க வைத்தார்கள். திரையில் படித்தபோது மெலடோனின் சுரப்பது ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போனது. தூக்கம் வரச் சுமார் பத்து நிமிடம் கூடுதலாக ஆனது. மறுநாள் காலை மூளை விழித்துக்கொள்ளவும் தாமதமானது.

பத்து நிமிடம்தானா என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி! நீல ஒளி மட்டும் நம்மைக் கெடுப்பதில்லை. சிறுவன் ஆலின் தந்தியை நினைத்துப் பாருங்கள். அடுத்த செய்தி, அதற்கடுத்த செய்தி என்று மணி ஒன்று ஆனதே! இன்று கையில் இருக்கும் திரையில் அந்த ஆவலும் இருக்கிறது, பகலைப் போன்ற வெளிச்சமும் இருக்கிறது. திரையை மஞ்சளாக மாற்றும் வசதி வெளிச்சத்தைத்தான் குறைக்கும். அடுத்த வீடியோவை நிறுத்தாது. அதை நிறுத்த ஆலுக்கு ஒரு மாடு வந்தது. உங்கள் வீட்டில் அநேகமாக அம்மா வருவார்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கும் எடிசனின் வாழ்க்கையில் ஒரு சோகக் கதை இருக்கிறது. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி 1896இல் பரவியதும், எடிசன் உடனே அதில் இறங்கினார். எலும்புகளை நேரடியாகப் பார்க்க உதவும் திரை ஒன்றைச் செய்தார். அந்தக் கதிர் எவ்வளவு ஆபத்தானது என்று அன்று யாருக்கும் தெரியாது. அவருடைய உதவியாளர் கிளாரன்ஸ் டாலி நாள்தோறும் தன் கையையே கதிருக்கு முன் நீட்டிச் சோதித்தார். கைகள் புண்ணாகிப் புற்றுநோய் வந்து, அவற்றை வெட்டியும் பயனில்லாமல் 1904இல் இறந்து போனார். வயது முப்பத்தொன்பதுதான். எடிசனுக்கும் கண் பார்வையில் கோளாறு தெரிந்தது. எதற்கும் அஞ்சாத எடிசன், எக்ஸ் கதிர் வேலையை அத்தோடு விட்டுவிட்டார்.

இதைப் படித்துவிட்டு செல்போனும் அப்படிக் கண்ணைச் சுட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். எக்ஸ் கதிரின் சக்தி வேறு, நீல ஒளியின் சக்தி வேறு. நம் திரைகளில் வரும் நீல ஒளி, மேகம் மூடிய நாளில் வானத்திலிருந்து வருவதைவிடக் குறைவு. திரை வெளிச்சம் விழித்திரையைக் கெடுத்துவிடும் என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. பிறகு ஏன் கண் எரிகிறது? திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைக்கவே மறந்துவிடுகிறோம்! கண் காய்ந்து போகிறது. பக்கத்திலேயே பார்த்துப் பார்த்துக் கண்ணின் தசைகளும் களைத்துவிடுகின்றன. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஜன்னல் வழியே தூரத்துத் தென்னை மரத்தை எண்ணிக்கொண்டு இருபது விநாடி நில்லுங்கள், கண் குளிர்ந்துவிடும். கிட்டப்பார்வை சங்கதி வேறு. பகலில் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்கு அது குறைவாக வருவதைப் பல நாடுகளில் கவனித்திருக்கிறார்கள். தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் வெளியே அனுப்பும் திட்டமே நடத்தினார்கள். பெற்றோரிடம் விளையாட அனுமதி கேட்கும்போது இதைச் சொல்லிப் பாருங்கள்.

அமெரிக்காவில் மட்டும் 1,093 காப்புரிமைகளைப் பெற்ற எடிசன், 84 வயதில், 1931 அக்டோபர் 18ஆம் தேதி அதிகாலையில் வெஸ்ட் ஆரஞ்ச் வீட்டில் காலமானார். அவருக்கு அஞ்சலியாக நாடு முழுவதும் மின்சாரத்தையே ஒரு நிமிடம் நிறுத்தலாமா என்று யோசித்தார்கள். மருத்துவமனைகள் என்னாகும், தண்ணீர் ஏற்றும் பம்புகள் என்னாகும் என்று கணக்குப் பார்த்தபோதுதான் அது முடியாத காரியம் என்று புரிந்தது. மின்சாரம் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓடாத அளவுக்கு நாட்டை அவர் மாற்றியிருந்தார்! ஆகவே விளக்குகளை மட்டும் ஒரு நிமிடம் அணைக்கும்படி ஜனாதிபதி ஹூவர் மக்களைக் கேட்டுக்கொண்டார்.

அக்டோபர் 21ஆம் தேதி அவரை அடக்கம் செய்தார்கள். அன்று இரவு பத்து மணிக்கு வீடுகளிலும் கடைகளிலும் தெருக்களிலும் மக்கள் தாங்களே எழுந்து போய் விளக்கை அணைத்தார்கள். இரவை விரட்டியவருக்காக, நகரங்களுக்குள் ஒரு நிமிடம் பழைய இருட்டு திரும்பி வந்தது.